எடக்கைக்காரி ஏற்றிய கொடி

எந்த நாடு எந்தத் தேதியில் விடுதலை அடைந்தது என்பது பதினோரு வயதில் எனக்கு மனப்பாடம். ஜூலை நான்கு அமெரிக்கா, ஆகஸ்ட் ஒன்பது சிங்கப்பூர், ஆகஸ்ட் பதினேழு இந்தோனேசியா, டிசம்பர் ஆறு பின்லாந்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பதினாறாம் வாய்ப்பாடு மட்டும் இன்றுவரை வராது. இந்த அறிவெல்லாம் எனக்கு அத்தை ஊதிய பலூன்களிலிருந்து வந்தது.

அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியும் ஒவ்வொரு நாட்டுக்காரனுக்கு வேலை செய்யுமாம். எந்த நாட்டுக்குச் சுதந்திர நாள் வருகிறதோ, அன்றைக்கு அந்த மாடி முழுக்க அந்தக் கொடி நிறத்தில் பலூன் கட்டி, தோரணம் தொங்கவிட்டு, கேக் வெட்டுவார்கள். ஊதுவது, கட்டுவது, மறுநாள் பிய்த்துப் போடுவது எல்லாம் அத்தையின் ஆட்கள். "கண்டவன் சொதந்தரத்துக்கெல்லாம் ஊதி ஊதியே என் கன்னம் உப்பிப் போச்சுடி" என்பாள். சுதந்திர நாட்கள் போதாதென்று பைஜாமாவோடு வேலைக்கு வரும் நாள், வளர்க்கும் நாயை ஆபீசுக்கு அழைத்து வரும் நாள் என்று வேறு விசேஷங்களும் உண்டு. நாய் நாளன்று வீட்டுக்கு வந்து அவள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

குப்பைக்குப் போக வேண்டிய காகிதக் கொடிகளை எனக்காகப் பையில் போட்டுக் கொண்டுவருவாள். நான் அவற்றை ஒரு நோட்டில் ஒட்டி, கீழே தேதி எழுதி வைத்தேன். அந்த நோட்டைப் பார்த்த வகுப்பு டீச்சர், காலைப் பிரார்த்தனையில் இன்றைக்கு உலகத்தில் என்ன நாள் என்று சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தார். யானை நாள், சிங்க நாள், கை கழுவும் நாள் என்று நான் தினமும் மைக்கைப் பிடித்து முழங்கினேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்று அம்மா இன்றும் சொல்வாள். உண்மைதான்.

அந்தச் சமயத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. மதுராந்தகத்திலிருந்து கல்பாக்கம் பக்கம் போகும் வழியில் இருக்கிறது எங்கள் பஞ்சாயத்து. ஏரிக்கரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி. நாங்கள் இந்தப் பக்கம். தலைவர் பதவி அந்த முறை சுழற்சியில் காலனிப் பெண்களுக்கு என்று வந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடக்கூடிய ஒரு அப்பாவி அம்மாளைத் தேடிப் பிடித்து நிறுத்தினார்கள். அத்தை எதிர்த்து நின்றாள். காலனி ஓட்டு மட்டும் இருந்தால் ஜெயித்திருக்க மாட்டாள். ஊர்ப் பக்கத்திலும் சில பெண்கள் சத்தமில்லாமல் போட்டிருக்கிறார்கள் என்று அப்பா கணக்குச் சொன்னார். யார் யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

ஜெயித்ததும் அத்தை வேலையை விட்டுவிட்டாள். கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளை ஸ்கூலுக்கு வேனில் கொண்டுவிடும் வேலை அப்பாவுக்கு. அவருக்கு வம்பு தும்பு பிடிக்காது. "கெடைச்ச வேலைய வுட்டுட்டு இதுக்குப் போவணுமா" என்று ஒரு வாரம் முணுமுணுத்தார். முடிவெடுத்த பிறகு பதில் சொல்லும் பழக்கம் அத்தைக்கு இல்லை.

முதல் சோதனை ஜனவரி இருபத்தாறில் வந்தது. பஞ்சாயத்து ஆபீசில் எட்டரைக்குக் கொடியேற்றம் என்று எழுத்தர் சொல்லியிருந்தார். அத்தை எட்டுக்கே போனாள். கொடி ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. ஏழரைக்கே துணைத் தலைவர் ஏற்றிவிட்டாராம். நேரம் மாறிப்போச்சு, சொல்ல மறந்துட்டோம் என்றார்கள். அவர் இதற்கு முன் இரண்டு முறை தலைவராக இருந்தவர், ரைஸ் மில்காரர். ஏதோ பழக்கதோஷம் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அத்தை வீட்டுக்கு வந்து, கட்டியிருந்த புதுப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். "ஆகஸ்டுல கட்டிக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணைத் தலைவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். காலனிக்குள் அவர் பைக் வந்தது அதுவே முதல் முறை என்று பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை, பைக் மேலேயே சாய்ந்துகொண்டார். அம்மா டீ போட்டு எடுத்து வந்தாள். சுகர் இருக்கும்மா எனக்கு என்றார். அம்மா உள்ளே போய்ச் சர்க்கரை போடாமல் வேறு டீ கொண்டுவந்தாள். டீயே தொடுவதில்லை என்றார். தண்ணீராவது என்றாள். இப்போதுதான் குடித்தேன் என்றார். இவ்வளவு வியாதியோடு வெயிலில் வந்திருக்கிறாரே என்று எனக்கு மிகவும் இரக்கமாக இருந்தது. ஆனால் அவர் போன பத்தாவது நிமிடம் நான் கடைக்குப் போனபோது, மெயின் ரோட்டு டீக்கடையில் கிளாஸும் கையுமாக நின்றிருந்தார். பாவம், நாக்கைக் கட்டுப்படுத்தத் தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வந்த விஷயம் அத்தையின் கையைப் பற்றியது. அத்தை எடக்கைக்காரி. சாப்பிடுவதைத் தவிர எல்லாம் இடது கைதான். எழுதுவது, துடைப்பம் பிடிப்பது, என் முதுகில் வைப்பது உட்பட.

"தப்பா எடுத்துக்காதம்மா" என்று ஆரம்பித்தார். "ஒனக்கு எடக்கைப் பழக்கம். கொடிக்கயிறு நல்ல காரியம் பாரு. எடக்கை பட்டா ஊருக்கு ஆவாதுன்னு நாலு பேரு பேசிக்கிறாங்கோ. இத்தினி வருசம் இழுத்த கை, நானே இழுத்துட்றேன். நீ பக்கத்துல நின்னு சல்யூட் வெய்யி. போட்டோல ரெண்டு பேரும் இருப்போம்."

அத்தை தன் வலக்கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வலக்கையால இழுத்தா ஊருக்கு ஆவுமா?"

"அதெப்படிம்மா, பழகாத கை..."

"இன்னும் பதினேழு நாள் கீதுங்க. பழகிக்கிறேன்."

அவர் பைக்கை மூன்று தடவை உதைத்த பிறகுதான் அது கிளம்பியது.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா இரண்டு டீயையும் என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொன்றாக அப்பாவுக்கும் அத்தைக்கும் கொடுத்தாள். அத்தை சர்க்கரை இல்லாத டீயை முகம் சுளிக்காமல் குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒங்க ஸ்கூல்ல கொடி எப்பிடிக் கட்றாங்க, பாத்துக்கீறியா நீ?"

பார்த்திருக்கிறேனாவா! டிரில் மாஸ்டர் கொடி கட்டும்போது பூ இதழ்த் தட்டைப் பிடித்து நிற்பவள் நான்தான். கொடியை நாலாக மடித்து, நடுவில் பூ வைத்து, சுருட்டி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு சுருக்கை உள்ளே நுழைத்துவிட வேண்டும். மூட்டையாக மேலே போகும். கீழே தொங்கும் கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் சுருக்கு அவிழ்ந்து கொடி விரியும். முடிச்சு சரியாக விழாவிட்டால் இழுக்க இழுக்க இறுகும். அப்புறம் சாமியே வந்தாலும் அவிழ்க்க முடியாது என்று டிரில் மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

பின்பக்கத்தில் டிவி ஆன்டெனாவுக்காக நட்ட இரும்புக் குழாய் சும்மா நின்றுகொண்டிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே அப்பாதான் மதுராந்தகத்திலிருந்து சின்ன ராட்டினமும் நைலான் கயிறும் வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தார். நிஜக் கொடியைப் பழகுவதற்குத் தொடக்கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆகவே அப்பாவின் பச்சைத் துண்டு கொடியாயிற்று. உள்ளே வைக்க முருங்கைப் பூ.

முதல் நாள் துண்டு மொத்தமாக அவிழ்ந்து அத்தையின் தலையில் விழுந்தது. இரண்டாம் நாள் முடிச்சு இறுகி, அப்பா ஏணி போட்டு ஏறி அவிழ்த்தார். மறுநாள் குளிக்க அவருக்குத் துண்டு இல்லை. வலது கை அத்தைக்கு வெறும் சாப்பாட்டுக் கை. அதற்குக் கயிற்றை வெட்டி இழுக்கத் தெரியவில்லை, பிசைந்த மாவை இழுப்பது போல மெதுவாக இழுத்தது. கயிற்றை விட்டதும் சல்யூட்டுக்கு எழுவது இடது கை. நான் ஒரு முருங்கைக் குச்சியை வைத்துக்கொண்டு, தப்பான கை எழும்போதெல்லாம் அதில் ஒரு தட்டுத் தட்டினேன். என்னை முதுகில் தட்டிய கையைத் திருப்பித் தட்டக் கிடைத்த வாய்ப்பை நான் வீணாக்கவில்லை.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருபது தடவை. நான் சோர்ந்து உட்கார்ந்தாலும் அவள் விடமாட்டாள். "இன்னொருக்கா கட்டு." உள்ளங்கையில் கயிறு உரசிக் கொப்புளம் வந்து உடைந்தது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, ஊர் உலகத்தில் யாராவது கயிறு இழுக்க இப்படிக் கையைக் கெடுத்துக்கொள்வார்களா, இழுப்பது வலது கையானாலும் அவர்கள் அன்றைக்கு வேறு ஏதாவது சொல்லத்தான் போகிறார்கள் என்றாள்.

"சொல்லட்டும் அண்ணி. இந்தக் காரணத்த மட்டும் அவுங்க கையில குடுக்க மாட்டேன்" என்றாள் அத்தை. "அமெரிக்காக்காரன்ல இருந்து கொரியாக்காரன் வரைக்கும் எல்லாக் கொடிக்கும் நாந்தான் கயிறு கட்டினேன். எவனும் எந்தக் கையின்னு கேக்கல. எங்கூரு கொடிய நான் இழுக்கணும்."

பத்தாம் நாள் துண்டு ஒரே இழுப்பில் விரிந்து முருங்கைப் பூ எங்கள் இரண்டு பேர் தலையிலும் உதிர்ந்தது. நான் முழுத் தேசிய கீதமும் பாடினேன். முடிச்சுப் போடுவதையும் அவளே கற்றுக்கொண்டாள். முடிச்சு மட்டும் இடது கையில்தான் போடுவேன், அதை யாரும் பார்க்கப் போவதில்லை என்றாள். அதற்கு நான் பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தேன்.

ஆகஸ்ட் பதின்மூன்று வந்தது. என் பட்டியலில் அன்றைக்கு உலக இடக்கையாளர் நாள். மைக்கைப் பிடித்து அதைச் சொன்னதோடு நிறுத்தாமல், நம் பள்ளியில் இடது கைக்காரர்கள் யார் யார், கையைத் தூக்குங்கள் என்றேன். மூன்று கைகள் எழுந்தன. அதில் ஒன்று என் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பையனுடையது. அவன் துணைத் தலைவரின் பேரன். முழங்கை இடிக்காமலிருக்க அவனை எப்போதும் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைப்பார்கள். தினமும் பார்த்தும் எனக்கு அதுவரை உறைக்கவில்லை. உறைத்ததும் மைக்கிலேயே துள்ளிக் குதிக்கத் தோன்றியது. தாத்தாவுக்குத் தன் வீட்டுக்குள்ளேயே எடக்கை இருப்பது தெரியாது போலிருக்கிறது, தெரிந்தால் மனதை மாற்றிக்கொள்வார் என்று நம்பினேன். அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் சிரித்தாள். "அவுருக்குத் தெரியாமலா இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். பெரியவர்களுக்கு எதுவும் சரியாகச் சொல்லத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சுதந்திர தினத்தன்று எட்டு மணிக்குக் கொடியேற்றம். அத்தை எங்களை ஆறு மணிக்கே கிளப்பினாள். நேரத்தை மாற்றினாலும் நாம் அங்கேயே இருப்போம் என்றாள். ஜனவரியில் மடித்து வைத்த புடவை உடம்பில். அப்பா வேனில் இரண்டு பெரிய கூடை லட்டு ஏற்றினார். ஊருக்கும் காலனிக்கும் சேர்த்து வீட்டுக்கு வீடு தலை எண்ணி மதுராந்தகத்தில் சொல்லிச் செய்ததை முதல் நாள்தான் கொண்டுவந்திருந்தார்கள். நான் பையில் சாமந்தி இதழ் வைத்திருந்தேன், கொடி விரியும்போது தூவ.

ஆபீஸ் வாசலில் போய் நின்றபோது கம்பத்தின் உச்சியில் கொடி மூட்டை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. நேத்து சாயங்காலமே கட்டியாச்சு, உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்றார் எழுத்தர். கட்டியது யார் என்று அத்தை கேட்டதற்கு அவர் மூட்டையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார்.

எட்டு மணிக்கு நான் அதுவரை அங்கே பார்க்காத கூட்டம் சேர்ந்தது. காலனி மொத்தமும் வந்திருந்தது. ஊர்ப் பக்கத்திலிருந்து ஆண்கள், பெண்கள், குழந்தைகள், எங்கள் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர். இவ்வளவு பேருக்கும் சுதந்திரத்தின் மேல் ஆசை இருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. துணைத் தலைவர் வெள்ளை வேட்டியில் வந்து நேராகக் கம்பத்தடிக்குப் போய்க் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டார். பேரனும் கூட வந்திருந்தான்.

அத்தை அவர் எதிரில் போய் நின்று வலது கையை நீட்டினாள்.

"அதான் சொன்னேனேம்மா" என்று அவர் தணிந்த குரலில் ஆரம்பித்ததுதான் தாமதம், நான் முன்னால் போய்விட்டேன். அப்பா என் சட்டையைப் பிடிப்பதற்குள் சொல்லியும் விட்டேன். "ஒங்க பேரன்கூட எடக்கைதாங்க தாத்தா. ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கறான். அவனால ஊருக்கு ஒண்ணும் ஆவல."

பேரன் இடது கையைக் கால்சட்டைப் பையில் நுழைத்துக்கொண்டான். துணைத் தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி எதுவும் தெரியவில்லை. கயிற்றை விட்டார். அத்தை அதைப் பிடித்தாள். என் வாதத்தில்தான் அவர் மனம் மாறினார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பழகியபடியே வலது கையால் ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். மூட்டை ஆடியது, அவிழவில்லை. மறுபடி இழுத்தாள். இன்னும் கொஞ்சம் இறுகியது. பின்னாலிருந்து யாரோ, எடக்கை பட்டதும் கொடிக்கே புடிக்கல பாரு என்றார்கள். சிரிப்பு எழுந்தது.

"வலக்கையாலதான் இழுத்தாங்க! வலக்கையாலதான்!" என்று நான் கத்தினேன். இத்தனை பேரும் கண்ணால் பார்த்துக்கொண்டே இப்படிப் பொய் சொல்கிறார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

துணைத் தலைவர் கை நீட்டினார். "வுடும்மா. நான் பாத்துக்கறேன்."

அத்தை கயிற்றைக் கொடுக்கவில்லை. "வேணாங்க. எனக்கு அவுக்கத் தெரியும்" என்றாள்.

கொடி மூட்டையை மெதுவாகக் கீழே இறக்கினாள். அது தரையில் படாமல் அப்பா ஓடிவந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். வம்பே வேண்டாம் என்று ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த அப்பா, கூட்டத்தின் நடுவில் குழந்தையை ஏந்துவது போல அந்த மூட்டையை ஏந்திக்கொண்டு அசையாமல் நின்றார். எட்டிப் பார்த்தேன். சுருக்கு எங்கேயும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முடிச்சு, தண்ணீரில் நனைத்து இறுக்கியது. டிரில் மாஸ்டரிடம் படிக்காத யாரோ கட்டியிருக்கிறார்கள், கூப்பிட்டிருந்தால் நானே வந்து சொல்லிக்கொடுத்திருப்பேனே என்று ஆற்றாமையாக இருந்தது.

அத்தை இடது கை நகத்தால் முதல் முடிச்சை நெம்ப ஆரம்பித்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெயில் ஏறியது. துணைத் தலைவர் வாட்சைப் பார்த்தார். சுகர் மாத்திரை போட நேரமாச்சு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நின்று பார்க்க ஆசைப்பட்ட பேரனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவர் பின்னாலேயே நாலு பேர், அப்புறம் பத்துப் பேர், அப்புறம் ஊர்ப் பக்கத்துக் கூட்டமே கரைந்தது. இத்தனை பேருக்குமா மாத்திரை நேரம் என்று ஒரு கணம் தோன்றியது. வெயில் தாங்கவில்லை போலும் என்று சமாதானம் செய்துகொண்டேன். கடைசி வரிசையில் முக்காடு போட்டிருந்த இரண்டு பெண்கள் மட்டும் கொஞ்ச தூரம் போய்ப் புளியமரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அத்தை தலையைத் தூக்கவே இல்லை. மூன்றாவது முடிச்சு அவிழ்ந்தபோது அவள் சுண்டுவிரல் நகம் பாதி பிய்ந்திருந்தது.

மூட்டைக்குள் ஒரு பூகூட இல்லை. என் சாமந்தி இதழையெல்லாம் கொட்டினேன். அத்தை மடித்தாள், சுருட்டினாள், இரண்டு சுற்றுச் சுற்றி இடது கையால் தன் முடிச்சைப் போட்டாள். மூட்டை மேலே போனது. கயிற்றைப் பிடித்தாள். பிடித்தது இடது கை.

"அத்த, வலக்கை! வலக்கை!" என்று நான் கிசுகிசுத்தேன். அவள் காதில் விழுந்தது, எனக்குத் தெரியும். ஆனாலும் இடது கையாலேயே ஒரு வெட்டு வெட்டினாள். கொடி படாரென்று விரிந்து, சாமந்தி எழுத்தரின் வழுக்கையில் கொட்டியது. காலனிப் பிள்ளைகள் நாங்கள் தொண்டை கிழிய தேசிய கீதம் பாடினோம். அம்மா அழுதுகொண்டே பாடியதில் அவளுக்கு வங்காள வார்த்தைகள் எல்லாம் குழம்பின. அத்தை சல்யூட் மட்டும் வலது கையில் ஒழுங்காக வைத்தாள்.

பாட்டு முடிந்ததும் நான் அவளிடம் சண்டைக்குப் போனேன். பதினேழு நாள் பயிற்சி, இருபது இருபது தடவை, எல்லாம் எதற்கு?

"அதான் வலக்கையால இழுத்துப் பாத்தாச்சே" என்றாள். நான் கேட்டதற்கு அது பதில் போலவே இல்லை.

பிறகு லட்டு கொடுத்தோம். காலனியில் எல்லோருக்கும் கொடுத்து, இரண்டாம் முறையும் கொடுத்தோம். அப்படியும் ஒரு கூடை அப்படியே இருந்தது. இன்னொன்றில் கால்வாசி. அத்தை படிக்கட்டில் உட்கார்ந்து, பிய்ந்த நகத்தை வாயில் வைத்துக்கொண்டு ஊர்ப் பக்கம் போகும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புளியமரத்தடியில் இப்போது யாரும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் தடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சுதந்திர தினத்தில் ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய்தான் கிடைக்கும். ஆறாவது லட்டில் எனக்குச் சொர்க்கமே தெரிந்தது. அந்த நன்றியில் மனதில் பட்டதைச் சொன்னேன்.

"அத்த, அடுத்த வருசமும் இவ்ளோ பேரு மட்டும் வந்தா போதும். யாருமே வரலன்னாகூட நல்லாத்தான் இருக்கும்."

அத்தை என் பக்கம் திரும்பினாள். என் இரண்டு கையிலும் லட்டு இருந்தது. அதில் ஒன்றை எடுத்துக் கூடையில் திரும்ப வைத்தாள்.

"வருவாங்க" என்றாள். "அடுத்த வருசம் இல்லன்னா அதுக்கடுத்த வருசம். எல்லாரும் வந்து நிப்பாங்க. அன்னிக்கு ஒனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கெடைக்கும், பாத்துக்க."

முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தவளுக்கு, பேரன் விஷயத்தை எடுத்துச் சொல்லிக் கயிற்றையே வாங்கிக் கொடுத்தவளுக்கு, ஒண்ணே ஒண்ணா? அத்தைக்குப் பதவி வந்ததும் மனசு சுருங்கிவிட்டது என்று எனக்குப் பட்டது. வீடு வரும்வரை அவளோடு பேசவில்லை. அன்று சாயங்காலம் அம்மா விளக்கேற்றியபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஊர்க்காரர்கள் ஒருவரும் அடுத்த வருடம் வந்துவிடக் கூடாது என்று சாமியிடம் உருக்கமாக வேண்டிக்கொண்டேன்.